பள்ளிக்கு வரும் மனநலச் சேவைகள்: எதை ஏற்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்

மாணவர் மனநலத்துக்கு உதவுகிறோம் என்று பள்ளியின் கதவைத் தட்டுபவர்களுக்குக் குறைவில்லை. தொண்டு நிறுவனம், மருத்துவமனை, கல்லூரியின் உளவியல் துறை, சேவைச் சங்கம், செயலி நடத்தும் கம்பெனி என்று ஆள் மாறும். துண்டறிக்கை மட்டும் மாறாது. 'மன உறுதி', 'முழுமையான வளர்ச்சி', 'மகிழ்ச்சியான வகுப்பறை' என்று எல்லாரும் ஒரே வார்த்தைகளைத்தான் அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். அதை வைத்து எது வேலைக்காகும் என்று எந்தத் தலைமையாசிரியராலும் முடிவெடுக்க முடியாது. அதனால் இந்தச் சேவைகளை வகை வகையாக எடுத்துப் பார்த்திருக்கிறோம்.

அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளை 'என்னால முடியல' என்று யாரிடமாவது வாய் திறந்த நாளிலிருந்து, அதைக் கையாளத் தெரிந்த ஒருவர் எதிரில் போய் உட்காருவதற்கு எத்தனை நாள் ஆகிறது? உட்கார்ந்த விஷயம் பள்ளிக்குத் தெரியவருகிறதா? இந்த இரண்டையும் சரிசெய்யாத சேவை எவ்வளவு அழகாக நடந்தாலும் மதிப்பெண் குறைவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. 700 பேர் படிக்கும் பள்ளியில் இது 100 பேர். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளில் ஒருவர்கூட இல்லை. எனவே வெளியாள் வேண்டுமா என்பதில் விவாதம் கிடையாது. யார், என்ன நிபந்தனையில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு மணி நேர விழிப்புணர்வுக் கூட்டம்

அதிகம் நடப்பதும் இதுதான், குறைவாகப் பயன் தருவதும் இதுதான். 400 பேரை ஹாலில் உட்காரவைத்து ஒருவர் பேசுகிறார். புகைப்படம் எடுக்கிறார்கள், பேச்சாளருக்குப் பொன்னாடை, முடிந்தது. பேச்சு நன்றாக இருந்தால் இன்னும் சிக்கல். கூட்டம் கலைந்ததும் மூன்று நான்கு பிள்ளைகள் பேச்சாளரைச் சுற்றி நிற்பார்கள், அதில் ஒருவராவது இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வந்திருப்பார். பேச்சாளருக்கோ அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியிருக்கும். ஒருமுறை துணிந்து வாய் திறந்து, கேட்க ஆளில்லாமல் திரும்பிய பிள்ளை மறுபடி திறப்பது கடினம்.

நடத்தியே தீர வேண்டுமென்றால் நான்கு நிபந்தனைகள் போடுங்கள். வாரத்தின் முதல் பாதியில் வைக்க வேண்டும். வாரக் கடைசி நாள் பிற்பகலில் வைத்தால் விடுமுறையில் பிள்ளை தனியாக விடப்படும். ஒரு வகுப்பு அல்லது அதிகபட்சம் இரண்டு வகுப்பு, 60 பேருக்கு மேல் வேண்டாம். அன்றும் அடுத்த இரண்டு நாளும் ஆலோசகர் ஒருவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். தற்கொலை பற்றிப் பேசினால் வழிமுறை, இடம், கடிதத்தின் வாசகம் எதையும் விவரிக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை மீறும் பேச்சாளர்கள் நிறைய இருக்கிறார்கள், உருக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. பேசப்போவதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

ஆசிரியர்களுக்கான பயிற்சி

1995-இல் பால் குவின்னட் உருவாக்கிய கியூ.பி.ஆர். என்ற பயிற்சி ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்: நேராகக் கேள், சம்மதிக்க வை, உரியவரிடம் அனுப்பு. 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்னரும் டோனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி அதைவிட நீளம். இளையோருக்கென்று தனிப் பாடத்திட்டமும் உண்டு. இரண்டும் ஆசிரியரின் அறிவையும் தைரியத்தையும் கூட்டுகின்றன. 'தற்கொலை எண்ணம் இருக்கா?' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் ஆசிரியர்களிடம் பரவலாக உண்டு. அப்படி எதுவும் ஆகாது என்று தெரிந்துகொண்டு வெளியே வருவதே பெரிய லாபம்.

ஆனால் அறிவு கூடுவது வேறு, பிள்ளையின் நிலை தேறுவது வேறு. 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடந்த 'செய்ல்' ஆய்வின் முடிவுகள் 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஆசிரியர்களுக்கு கியூ.பி.ஆர். பயிற்சி மட்டும் கொடுத்த பள்ளிகளுக்கும் ஒப்பீட்டுக்காக விட்டிருந்த பள்ளிகளுக்கும் தற்கொலை முயற்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார், சரி. அடுத்து எங்கே அனுப்புவது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மிஞ்சுவது குற்ற உணர்ச்சிதான்.

வாங்கலாம், ஆனால் இரண்டாவதாக. அனுப்பும் வழி உறுதியான பிறகு. பயிற்சிக்கு உட்காருபவர்கள் பட்டியலில் பேருந்து ஓட்டுநர், விடுதிக் காப்பாளர், நூலகர், விளையாட்டு ஆசிரியர், அலுவலக உதவியாளர் ஆகியோரைச் சேர்க்காமல் விடாதீர்கள். வகுப்பில் சிரித்துக்கொண்டு இருக்கும் பிள்ளை பேருந்தின் கடைசி இருக்கையில் எப்படி இருக்கிறது என்று ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

மாணவர்களோடு நேரடியாகச் செய்யும் பாடத்திட்டம்

அதே 'செய்ல்' ஆய்வில் வித்தியாசம் காட்டியது யாம் (ஆங்கிலத்தில் Youth Aware of Mental Health என்பதன் சுருக்கம்) என்ற திட்டம். அமைப்பு எளிமையானது: மூன்று மணி நேரம் நடித்துக்காட்டிப் பேசும் அமர்வுகள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மணி நேர உரையாடல், வகுப்பறைச் சுவரில் ஆறு சுவரொட்டிகள், வீட்டுக்கு எடுத்துப்போக 32 பக்கக் கையேடு. மொத்தம் ஐந்து மணி நேரம், சில வாரங்களில் பிரித்து. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது தற்கொலை முயற்சி ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.51 விழுக்காடு, யாம் நடந்த பள்ளிகளில் 0.70 விழுக்காடு. மூன்றாம் மாதத்தில் அளந்தபோது இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலாண்டு அறிக்கையில் பலன் கேட்கும் நிர்வாகங்களுக்கு இது ஒரு தகவல்.

இதை நடத்துபவர் வகுப்பாசிரியர் அல்ல, வெளியிலிருந்து வரும் பயிற்றுநர். மதிப்பெண் போடும் ஆள் முன்னால் எந்தப் பிள்ளையும் வீட்டுச் சண்டையை நடித்துக் காட்டாது. அதனால் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்யும் வெளி அமைப்பு, அதாவது சமூகக் கூட்டாளி, தேவைப்படும் இடம் இயல்பாகவே இங்கே உருவாகிறது. கெட்டுப்போகும் இடமும் தெரிந்ததே: பாடம் முடிக்க வேண்டும் என்று ஐந்து மணி நேரத்தை இரண்டாக்குவது, 'ஒழுங்காக இருக்கிறார்களா பார்க்கிறேன்' என்று வகுப்பாசிரியர் பின்வரிசையில் உட்காருவது, நடிப்பு அமர்வை விட்டுவிட்டு ஸ்லைடு மட்டும் காட்டுவது. மூன்றில் எது நடந்தாலும் நீங்கள் நடத்துவது யாம் இல்லை.

மனக்குவிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) பற்றி ஒரு வரி போதும். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வு 2022-இல் வெளியானது. ஆசிரியர்கள் வகுப்பு முழுவதுக்கும் கற்றுக்கொடுத்த அந்தப் பயிற்சி, வழக்கமான சமூக-உணர்வுப் பாடங்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. விரும்பிச் சேரும் பிள்ளைகளுக்குக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வகுப்புக்கும் கட்டாயமாக்கிப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வித்தாள் வைத்துக் கண்டறிவது

மருத்துவமனைகளும் செயலிக் கம்பெனிகளும் அதிகம் விற்கும் சரக்கு இது. கருவிகள் நல்லவை. பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் அளக்க ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ. 25 கேள்விகள் கொண்டது. ஐந்து ஐந்தாக ஐந்து பிரிவு, கடைசிப் பிரிவான பிறருக்கு உதவும் குணத்தை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை சிரம மதிப்பெண் வரும். பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவருக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. பி.எச்.கியூ-9 ஒன்பது கேள்வி, 0 முதல் 27. மனச்சோர்வை மட்டும் பார்க்கிறது.

சிக்கல் கருவியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 600 பேருக்கு ஒரே நாளில் படிவம் கொடுத்து, அதில் பத்தில் ஒருவர் எல்லைக்கு மேலே வந்தாலும் 60 பேர். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க 40 நிமிடம், குறிப்பெழுத 10 நிமிடம். ஓர் ஆலோசகர் ஒரு நாளில் ஒழுங்காகப் பார்க்கக்கூடியது ஐந்து பேர். கடைசிப் பிள்ளையின் முறை வர 12 வேலைநாள். அதற்குள் அந்தப் பிள்ளை, 'எழுதிக் கொடுத்தேன், யாரும் கூப்பிடவில்லை' என்று முடிவுகட்டியிருக்கும்.

பி.எச்.கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் அன்று பள்ளி விடுவதற்குள் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். படிவங்களைக் கட்டாகக் கட்டி 'அடுத்த வாரம் அறிக்கை அனுப்புகிறோம்' என்று எடுத்துப்போகும் நிறுவனத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. செய்யும் முறை இது: ஒரு நாளில் ஒரு வகுப்புப் பிரிவு, 30 பேர். காலை முதல் பீரியடில் எழுதவைத்து, இரண்டாவது பீரியடுக்குள் அந்த ஒரு கேள்வியை மட்டும் புரட்டிப் பார்த்து, மதியத்துக்குள் சந்தித்துவிடுவது. மற்ற மதிப்பெண்களை அந்த வாரத்துக்குள் கூட்டலாம். அந்த 30 பேரில் தேவைப்படுவோரைப் பார்த்து முடித்த பிறகே அடுத்த பிரிவு. ஒரு வருடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பெற்றோர் ஒப்புதல் வாங்கும்போது 'பதில் வராவிட்டால் சம்மதம்' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சட்டம் அனுமதித்தாலும் முதல் பெயர் வெளியே கசியும் நாளில் அது பள்ளிக்கு எதிராகத் திரும்பும். கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பள்ளியிலேயே உட்காரும் ஆள்

இந்த மதிப்புரையில் அதிக மதிப்பெண் இதற்குத்தான். பட்டம் பெற்ற உளவியலாளர் கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் சமூகத்திலிருந்தே ஒருவரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, மேலே ஒரு வல்லுநர் கண்காணிப்பது வேலை செய்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு 2018-இல் லான்செட்டில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகரும், வேறு சில பள்ளிகளில் அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியரும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாகவே தேறியது, மனச்சோர்வும் அடாவடியும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் இல்லை. கூடுதல் பொறுப்பு என்று ஒரு ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு மனநலத் திட்டம் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாப் பள்ளிகளும் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

அந்த ஆலோசகர் தனியறையில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று காத்திருக்கவில்லை. மாணவர்கள் பெயரில்லாமல் எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், மாணவர் குழுக் கூட்டம், போட்டிகள், அதற்குப் பிறகுதான் தனிப்பட்ட ஆலோசனை. முகம் பழகிய ஆளிடம்தான் பிள்ளைகள் போகும். பெட்டி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாவி ஆலோசகரிடம் மட்டும் இருக்க வேண்டும், தினமும் திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் திறக்கப்படும் பெட்டியில் மின்விசிறி ஓடவில்லை என்ற புகார்தான் இருக்கும்.

அறையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உள்ளே இருப்பவர்களை வெளியிலிருந்து பார்க்க முடியவேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று இருந்தால் போதும், பிள்ளைக்கும் ஆலோசகருக்கும் அது பாதுகாப்பு. நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் போடுங்கள். அழும் முகம் வராந்தாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறை வேண்டாம், தண்டனைக்கு நிற்கவைக்கும் இடத்தை ஒட்டியும் வேண்டாம். பிள்ளையைக் கூப்பிடும் சீட்டில் 'அலுவலகத்துக்கு வரவும்' என்று மட்டும் இருக்கட்டும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி 'கவுன்சிலிங் அறைக்கு வரவும்' என்று அழைத்த பள்ளியில் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் தானாக வராது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பீரியடில் கூப்பிடுங்கள். ஒரே கணக்கு வகுப்பை நான்கு வாரம் தவறவிட்ட பிள்ளைக்கு ஐந்தாவது வாரம் கணக்கே கவலையாகியிருக்கும்.

கல்லூரியிலிருந்து பயிற்சி மாணவர்களை அனுப்பும் ஏற்பாடு மலிவானது, அதனாலேயே ஆபத்தானதும்கூட. அவர்களுக்குச் செமஸ்டர் முடிந்ததும் வேலை முடிந்தது. மூன்று மாதம் பேசிப் பழகிய பிள்ளை திடீரென்று ஒரு நாள் வேறு முகத்தைப் பார்க்கிறது. ஏற்றுக்கொள்வதானால் மூன்று விஷயம் கேளுங்கள்: வாரம் ஒரு மணி நேரமாவது மேற்பார்வை செய்யும் உரிமம் பெற்ற வல்லுநரின் பெயர், ஒரு பயிற்சி மாணவருக்கு அதிகபட்சம் ஆறு பிள்ளைகள் என்ற வரம்பு, கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பிள்ளையிடம் சொல்லிப் புதிய ஆளோடு ஒரு கூட்டு அமர்வு. மேற்பார்வையாளர் பெயர் கேட்டதும் பேச்சை மாற்றும் துறையோடு மேலே பேச வேண்டாம்.

சாதாரண மக்களால் இதைச் செய்ய முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஜிம்பாப்வேயின் நட்பு இருக்கை திட்டம் பதில். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கியது. மருத்துவமனைக்கு வெளியே மரப்பலகையில் உட்கார்ந்து பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் பேசுகிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. ஆனால் அந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது, பள்ளியில் அல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது பலகையை அல்ல, பின்னால் இருந்த பயிற்சியையும் மேற்பார்வையையும். பலகையை மட்டும் வாங்கிப் பெயிண்ட் அடித்து மைதானத்தில் போட்டுவிட்டு நின்றுவிடும் பள்ளிகள் உண்டு.

மருத்துவமனையோடு கைகோர்ப்பது

எல்லாத் திட்டமும் கடைசியில் வந்து முட்டும் சுவர் இது. 'தேவைப்பட்டால் எங்களிடம் அனுப்புங்கள்' என்று மருத்துவமனை சொல்லும். பள்ளி ஒரு சீட்டில் முகவரி எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கும். பெற்றோர் போகமாட்டார்கள். பயம், செலவு, ஒருநாள் சம்பளம், 'பைத்தியம்னு சொல்லிடுவாங்க' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து தடுக்கும். பள்ளி, அனுப்பியாகிவிட்டது என்று நினைக்கும். மருத்துவமனைக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. இரண்டு பக்கமும் தவறு செய்யாமலேயே பிள்ளை நடுவில் விழுந்துவிடும்.

தீர்வு சீட்டு கொடுப்பதை நிறுத்துவது. பெற்றோர் பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போதே மருத்துவமனையின் தொடர்பு ஆளுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, தேதியும் நேரமும் வாங்கி, போகவேண்டிய அறை எண்ணையும் பார்க்கவேண்டிய ஆளின் பெயரையும் எழுதிக்கொடுப்பது. முதல் சந்திப்பு மருத்துவமனையில் இல்லாமல் பள்ளியிலேயே நடந்தால் இன்னும் நல்லது. மாதம் இரண்டு அரைநாள் மருத்துவரோ உளவியலாளரோ வந்து உட்காரும் ஏற்பாடு, நூறு துண்டறிக்கைக்குச் சமம்.

ஒப்பந்தம் எழுதும்போது கால வரம்பு எண்ணாக இருக்க வேண்டும். 'விரைவில்' என்ற வார்த்தை வந்தால் அடித்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அதே நாள், அதுவரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட ஒரு பெரியவர் உடன் போக வேண்டும், பெற்றோர் அல்லது மருத்துவக் குழு கையில் நேரடியாக ஒப்படைக்க வேண்டும். வீட்டிலேயே பிள்ளைக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்வதற்கு முன்பு குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்ல வேண்டும். தூக்கம், சாப்பாடு, வருகை எல்லாம் சரிந்துகொண்டிருந்தால் ஏழு நாள். மற்றவை நான்கு வாரம்.

அடுத்தது பதில். மருத்துவமனை பள்ளிக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. வேண்டியது மூன்றே தகவல்: வந்தார்களா, அடுத்த தேதி எது, வகுப்பில் பள்ளி ஏதாவது செய்ய வேண்டுமா. பெற்றோர் ஒப்புதலோடு அந்த மூன்றும் ஒரு வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். இரண்டு முறை வராவிட்டால் கோப்பை மூடிவிடுவது பல மருத்துவமனைகளின் நடைமுறை. வராத அன்றே பள்ளிக்கு ஒரு குறுஞ்செய்தி என்று ஒப்பந்தத்தில் எழுதினால் ஆலோசகர் மறுநாள் காலை பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச முடியும். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: லீவு கிடைக்கவில்லை, தம்பிக்குக் காய்ச்சல், எந்தக் கட்டடம் என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

ரகசியத்தைப் பற்றித் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை சொன்னது ஆலோசகரோடு நிற்கும். தனக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற மூன்று இடத்தில் மட்டும் வெளியே போகும். இதைப் பிள்ளையிடம் முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், பாதியில் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். ஆலோசனைக் குறிப்பு பள்ளியின் மாணவர் பதிவேட்டுக்குள் போகக் கூடாது. நடைமுறையில் அதிகம் கசிவது பூட்டிய பீரோவிலிருந்து அல்ல. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்ட பெயர்ப் பட்டியலிலிருந்துதான்.

கோடை விடுமுறைக்கு என்ன ஏற்பாடு, ஆலோசகர் வேலையை விட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், பிள்ளைகளோடு பழகுபவர்களின் பின்னணிச் சரிபார்ப்பை யார் செய்வது, ஒப்பந்தம் முறிந்தால் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை யார் ஏற்பது என்பவையும் எழுத்தில் வேண்டும். முறிவுக்கு 60 நாள் முன்னறிவிப்பு என்று வையுங்கள். நிதி தீர்ந்ததும் மறுவாரமே காணாமல் போகும் தொண்டு நிறுவனங்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அவர்களுக்கும் பணம் வருடா வருடம்தான் வருகிறது.

மாணவரே மாணவருக்கு, செயலி, ஊர்க் கூட்டணி

மாணவர் துணைவர் திட்டங்களில் 'சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரென்த்' அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் சோதிக்கப்பட்டு 2010-இல் முடிவு வந்தது. பெரிய பள்ளிகளில், பயிற்சி பெற்ற மாணவர் தலைவர்கள் தற்கொலை எண்ணம் கொண்ட நண்பரைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுசேர்ப்பது நான்கு மடங்காக இருந்தது. கொண்டுசேர்ப்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். துணைவர் வேலை அதோடு முடிகிறது. 15 வயதுப் பிள்ளையை ஆலோசகராக்கி, இன்னொரு 15 வயதுப் பிள்ளையின் ரகசியத்தை ராத்திரி முழுக்கச் சுமக்கவிடும் திட்டம் எதுவானாலும் வேண்டாம். மதிப்பெண் அதிகம் வாங்குபவர்களை மட்டும் துணைவராக எடுப்பதும் பழைய தவறு; பின்வரிசைக்கு நெருக்கமானவர்கள் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

செயலி விற்பவரிடம் ஒரு கேள்வி போதும்: இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை ஆபத்தான வாக்கியம் ஒன்றை எழுதினால் அதை எந்த மனிதர் எத்தனை நிமிடத்தில் பார்க்கிறார்? உதவி எண்ணை ஒட்டுவதானால் அறிவிப்புப் பலகையில் வேண்டாம், கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

ஊரே சேர்ந்து செய்யும் கூட்டணிக்கு ஐஸ்லாந்து எல்லாரும் சொல்லும் உதாரணம். முந்தைய மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்த 15-16 வயதினர் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5 விழுக்காடு. பெற்றோர் அமைப்புகள், விளையாட்டுக் கழகங்கள், நகராட்சி, பள்ளி எல்லாம் ஒரே கணக்கெடுப்பைப் பார்த்துப் பேசின, பள்ளி விட்டபின் பிள்ளைகள் போக இடம் செய்துகொடுத்தன. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஹாக்கின்ஸ், கேட்டலானோ வடிவமைத்த 'கம்யூனிட்டீஸ் தட் கேர்' என்ற ஊர்க் கூட்டணித் திட்டம் ஏழு மாநிலங்களின் 24 ஊர்களில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. போதைப் பழக்கமும் குற்றச்செயலும் குறைந்தன. இரண்டிலும் முதன்மையாக அளந்தது போதையையும் நடத்தையையும்தான். மனச்சோர்வுக்கு மருந்து என்று இவற்றை விற்பவர் மிகைப்படுத்துகிறார். தவிர இது வருடக்கணக்கில் பிடிக்கும் வேலை, தனி ஒரு பள்ளியால் தொடங்க முடியாது. உள்ளாட்சி தொடங்கினால் பள்ளி போய்ச் சேரலாம், மாலை நான்கு முதல் ஏழு வரை மைதானத்தைத் திறந்துவிடுவதாக ஒப்புக்கொண்டால் அதுவே கணிசமான பங்கு.

புதுப்பிக்கும் நேரத்தில்

வருடக் கடைசியில் கூட்டாளி நிறுவனம் ஓர் அறிக்கை தரும். '1,200 மாணவர்கள் பயனடைந்தனர்' என்று முதல் பக்கத்தில் இருக்கும். அது கூட்டத்துக்கு வந்த தலைகளின் எண்ணிக்கை. அதைப் புரட்டிவிட்டு நான்கு எண்களைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள், அதில் எத்தனை பேர் முதல் சந்திப்பை அடைந்தார்கள், இடையில் சராசரியாக எத்தனை நாள், எத்தனை பேர் மூன்றாவது சந்திப்புவரை போனார்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அனுப்பியவர்களில் பாதிப் பேர்கூட முதல் சந்திப்பை எட்டவில்லை என்றால் ஆலோசகரைத் திட்டுவதற்கு முன் நேரம், தூரம், செலவு மூன்றையும் பாருங்கள். மருத்துவமனை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டும் திறந்திருப்பதே காரணமாக இருக்கலாம், மாலை நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த நான்கு எண்களையும் எடுத்துவைக்கவே இல்லை என்று சொல்லும் நிறுவனத்துக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். அடுத்த பருவமும் அதே பதில் வந்தால், 60 நாள் முன்னறிவிப்பை அனுப்பிவிடலாம்.